சோத்தாங்கைப் பக்கம்

ஜனவரி 9

தம்பிக்கு,

கொட்டகையை ஏன் திறந்தாய் என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியவில்லை. எலி புகுந்துவிட்டது, விரட்டப் போனேன் என்று சொல்லலாம், அது உண்மையும்கூட. ஆனால் எலியை விரட்டப் போனவள் எதற்காகத் தார்ப்பாயை முழுக்க உருவிப் போட்டாள், எதற்காக முன்சீட்டைக் கழற்றப் பார்த்துத் திண்டாடினாள் என்று அடுத்துக் கேட்பாய்.

தீர்ப்பு வந்த மறு வாரம் போலீஸ் வளாகத்திலிருந்து உன் காரை இழுத்துவந்து, மூக்கு சுவரைப் பார்க்க நிறுத்திவிட்டுப் போனார்கள். ஒரு விளக்கு இல்லை. முன்பக்கம் உள்வாங்கியிருக்கிறது. மற்றபடி நீ ஞாயிறு ஞாயிறாகத் தேய்த்துக் கொண்டுவந்த சாம்பல் நிறம் அப்படியே இருக்கிறது. அதற்கு நீ "பெரியம்மா" என்று பெயர் வைத்தபோது நான் சிரிக்கவில்லை. இப்போது உள்ளே போனால், கோபித்துக்கொண்ட உறவுக்காரி ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல்தான் இருக்கிறது.

பார்வையாளர் பட்டியலில் என் பெயர் இல்லை என்று சிறை வாசலில் சொன்னார்கள். அடுத்த மாதம் போனபோதும் அதையே சொன்னார்கள். சரி. கடிதத்துக்குப் பட்டியல் கிடையாதாம். அதனால் எழுதுகிறேன். பதில் போட வேண்டியதில்லை.

ஒன்றே ஒன்று. பின்சக்கரங்களைக் கழற்றப் பார்த்தேன். வலது பக்கம் கழன்றுவிட்டது. இடது பக்கத்து நட்டு ஒன்றுகூட அசையவில்லை. ஸ்பானர்மேல் ஏறி நின்றும் பார்த்தேன். உடைத்துவிடலாமா?

அக்கா


பிப்ரவரி 2

அக்கா,

உடைக்காதே. தொடாதே. ஸ்பானர்மேல ஏறி நின்னியா? உனக்கு என்ன வயசுன்னு நினைப்பு?

உனக்கு எழுதவே கூடாதுன்னு இருந்தேன். இந்த ஒரு வருஷமா உன் பேரைக்கூட யார்கிட்டயும் சொல்லல. ஆனா நீ பெரியம்மாவைச் சுத்தியலால அடிக்கப் போறேன்னு தெரிஞ்சும் சும்மா இருக்க எனக்கு மனசு வரல. நீ வேணும்னேதான் கேட்டிருப்பே. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?

கேட்டுக்கோ. அது பழைய காலத்து வண்டி. இடது பக்கத்துச் சக்கர நட்டு எல்லாம் எதிர்ப்புரி. ஓட்டத்துல தானா கழண்டுடக் கூடாதுன்னு அந்தக் காலத்துல அப்படிச் செஞ்சான். ஊர்ல இருக்கற நட்டெல்லாம் கழலுற திசையில அது இறுகும். நீ இவ்வளவு நேரம் ஏறி நின்னு இறுக்கிக்கிட்டு இருந்திருக்கே. எதிர்ப்பக்கம் திருப்பு. இன்னொண்ணு, இந்தத் தொழில்ல இடது வலதுன்னா டிரைவர் சீட்டுல உட்கார்ந்து பாக்கற இடது வலது. முன்னால நின்னு பாத்து மாத்திக்காதே.

இங்க கடிதத்தையெல்லாம் படிச்சுட்டுத்தான் கொடுப்பாங்க. படிக்கிறவர் ஒரு வழுக்கைத்தலை. உன்னதைக் கையில கொடுக்கும்போதே, "எதிர்ப்புரியா இருக்கும்பா, அந்தம்மாவுக்குச் சொல்லு"ன்னார். அவர்கிட்ட ஒரு பழைய ஸ்கூட்டர் இருக்காம். உனக்கு ஒரு வாசகர் கிடைச்சிருக்கார், சந்தோஷப்படு.

மத்ததைப் பேச வேண்டாம்னு பாத்தேன். முடியல. நீ கூண்டுல ஏறி நின்னு, "அன்று காலை நான் அந்தக் காரில் அச்சகம் வரை போனேன். பிரேக் நன்றாகப் பிடித்தது" அப்படின்னு புரூஃப் திருத்தின மாதிரி சொன்னே. கொஞ்சம் லூசா இருந்த மாதிரி இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிக் கெஞ்சினேன். நீ சொல்லல. ரோட்டுல டயர் தேஞ்ச தடம் இல்ல, வண்டியில பிரேக் நல்லா இருக்கு, கூடப் பொறந்தவளே சொல்றா. அப்ப இவன் மிதிக்கவே இல்லன்னு முடிச்சுட்டாங்க.

வண்டி மோதறதுக்கு முன்னால தையல்காரம்மா என்னைப் பாத்தாங்க அக்கா. நான் மிதிச்சேன். கால் கீழ போச்சு, வண்டி நிக்கல. என்னைக் கொன்னவன்னு எழுதட்டும், நான்தான் கொன்னேன். ஆனா மிதிக்காதவன்னு எழுதிட்டாங்க. அதுதான் எனக்கு இங்க ஆறவே மாட்டேங்குது.

டிரம்முக்குள்ள எலி மூத்திரம் போனா துரு ஏறிடும். சக்கரத்துக்குப் பின்னால வட்டச் சட்டி மாதிரி இருக்கும், அதுதான் டிரம். கழட்டித் துடைச்சு வை. வேற எதையும் தொடாதே.


பிப்ரவரி 20

தம்பிக்கு,

நட்டுகள் கழன்றுவிட்டன. உன் வாசகருக்கு என் நன்றியைச் சொல்.

நீ எழுதியதற்கு முதலில் பதில். நீ கேட்டதைச் சொல்லியிருந்தால் அது பொய். அன்று காலை அச்சக வாசலில் ஒரு நாய் குறுக்கே வந்தது. நீ மிதித்தாய். என் மடியிலிருந்த கைப்பை கீழே விழுந்து, மூக்குக் கண்ணாடி உறையோடு சீட்டுக்கடியில் உருண்டது. அவ்வளவு நன்றாகப் பிடித்தது. மாலையில் நான் வண்டியில் இல்லை. மாலையைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரியாது என்றிருப்பேன்.

நீ சொன்னதை நம்பினேனா என்று நீ கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். நம்பவில்லை. காலையில் அப்படிப் பிடித்தது மாலையில் எப்படி இல்லாமல் போகும்? குழாய் உடையவில்லை, எண்ணெய் ஒழுகவில்லை என்று வண்டியைச் சோதித்தவர் எழுதியிருந்தார். நீ பயத்தில் மிதித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்றுதான் எண்ணினேன். உன்மேல் கோபம் இல்லை. நம்பிக்கையும் இல்லை. இரண்டும் வேறு வேறு என்பது உனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

தையல் கடை இருக்கும் தெரு வழியாக இப்போது நான் போவதில்லை. சுற்றுவழி. விபத்துக்கு முந்தின நாள் என் நீலக் கோட்டைக் கை நீளம் குறைக்கச் சொல்லி அந்த அம்மாவிடம் கொடுத்திருந்தேன். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஒருநாள் பேருந்து அந்த வழியாகப் போனது. அவருடைய கணவர் எப்போதும்போல மூலையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். தையல் மெஷின்மேல் துணி போட்டு மூடியிருந்தது.

வேலை விவரம். வலது பக்கத்து டிரம் எளிதாக வந்துவிட்டது. உள்ளே ஒரு சிறிய கம்பி, நடுவில் பல்சக்கரம், திருகினால் நீளும், சுருங்கும். அது இதற்குமேல் சுருங்காது என்கிற அளவுக்கு மூடிக் கிடந்தது. கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். அதுவும் எதிர்ப்புரி. உன் பெரியம்மாவிடம் எதுதான் நேராக இருக்கிறது?

இடது டிரம் அசையவில்லை. துருவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடித்துப் பார்த்ததில் தோள்பட்டை பிடித்துக்கொண்டு, அச்சகத்தில் நாள் முழுக்க இடது கையால் பக்கம் புரட்டினேன். நீ சிரிப்பாய்.

இன்னொன்று. பிரேக் பெடலுக்கு நேர் கீழே, நீ தரைத் தகட்டில் அடித்த புதுக் கறுப்புப் பெயிண்ட் பிறைபோலக் கீறியிருக்கிறது. பெடலின் விளிம்பு அதில் அச்சுக் குத்தியதுபோலப் பொருந்துகிறது. இது என்ன?

அக்கா


மார்ச் 11

அக்கா,

அது என்னன்னு என்கிட்ட கேக்கறியா? அதுதான் என் கால். பிரேக் சரியா இருந்தா பெடல் பாதி தூரத்துலயே நின்னுடும். தகட்டைத் தொடவே தொடாது. அன்னிக்குத் தொட்டுச்சு. இதைத்தான் நான் ஊருக்கெல்லாம் கத்தினேன். "உணர்ச்சிவசப்பட்டுப் பேசுகிறார்"னு எழுதிக்கிட்டாங்க.

நீ நம்பலன்னு எழுதினதை நாலு தடவை படிச்சேன். பரவாயில்ல. நீ நம்பறேன்னு எழுதியிருந்தாதான் சந்தேகப்பட்டிருப்பேன்.

நீ கழுவி வெச்சிருக்கறதுக்குப் பேர் அட்ஜஸ்டர். பிரேக் தேயத் தேய உள்ள இடைவெளி விழும். ரிவர்ஸ்ல போய் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் அந்தப் பல்சக்கரம் கொஞ்சம் திரும்பி, கம்பி நீண்டு, அந்த இடைவெளியை மூடும். தானாவே டைட் ஆகிக்கும், நாம ஒண்ணும் செய்ய வேண்டாம். இடதுக்கு எதிர்ப்புரி, வலதுக்கு நேர்ப்புரி. நீ வலது பக்கத்துல எதிர்ப்புரின்னு எழுதியிருக்கே. சீட்டுல உட்கார்ந்து பாருன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன், மறுபடி முன்னால நின்னு பாத்திருக்கே. படிச்சவளே, இடது வலதுல கோட்டை விட்டா எப்படி?

அது அன்னிக்கு நல்லா டைட்டா இருந்திருக்கணும், அதுதான் எனக்குப் புரியல. பழைய கார் கண்காட்சித் திடல்ல அந்த ஒருங்கிணைப்பாளர் உயிரை எடுத்துட்டான். வரிசை நேரா இல்ல, பின்னால போங்க, கொஞ்சம் முன்னால, மறுபடி பின்னால. மத்தியானம் முழுக்க ரிவர்ஸ்லதான் இருந்தேன். கழுத்தே திரும்பிப் போச்சு. அங்கேருந்து நேரா வீட்டுக்கு வர்ற வழியிலதான்.

இங்க ஒரு கூத்து கேளு. போன வாரம் ஊசி போட வரிசையில நிக்க வெச்சாங்க. புது வார்டர், என்னைப் பாத்து, "சோத்தாங்கையை நீட்டுடா"ன்னான். நீட்டினேன். பளார்னு ஒண்ணு விட்டான், என்ன நக்கலான்னு. நான் இடது கையை நீட்டியிருக்கேன். எனக்குச் சோறு திங்கற கை அதுதானே? அம்மா என்னைக்கு என் இடதுகையைப் பீச்சாங்கைன்னு சொன்னாங்க? தெருவுல எல்லாரும் "டேய் பீச்சாங்கை"ன்னு கூப்பிட்டா வெளக்குமாத்தோட வெளிய வருவாங்க. "என் புள்ளைக்கு அதுதான்டா சோத்தாங்கை"ன்னு. அது அப்படியே நாக்குல நின்னுபோச்சு. இத்தனை வருஷம் கழிச்சு அதுக்கு ஒரு அறை. இப்ப இங்கேயும் என் பேர் பீச்சாங்கைதான்.

இடது டிரம்மைச் சுத்தி மண்ணெண்ணெய் விட்டு ஊற வை. அப்பறம் விளிம்புல சுத்தியலால தட்டு. நடுவுல அடிக்காதே. வாசகரும் அதையேதான் சொல்லச் சொன்னார்.


மார்ச் 27

தம்பிக்கு,

டிரம்மைத் தொடவில்லை. தொடப்போவதும் இல்லை. நீயும் உட்கார்ந்துகொண்டு படி.

உன் கடிதம் வந்ததும் கொட்டகைக்குப் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். நான் கழற்றியது வலது பக்கத்தில்தான், நட்டுகள் நேர்ப்புரியாக இருந்த அதே பக்கம். அதில் இருந்தது எதிர்ப்புரிதான். மூன்று முறை திருகிப் பார்த்தேன். நீ சொல்வது சரியென்றால் அது இடது பக்கத்துச் சாமான்.

பிறகு அலமாரியிலிருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்தேன். நீ பிரேக் சாமான்களைப் போட்டு வைத்திருந்த துணிப்பைகள் அதில் காலியாக மடித்துக் கிடக்கின்றன. சீட்டுகளும் இருக்கின்றன. இரண்டிலும் என் கையெழுத்து.

உனக்கு அந்த ஞாயிறு நினைவிருக்கும். எனக்கு அச்சகத்தில் வேலை குறைந்திருந்த நாட்கள். நீ வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வெளியே நீட்டினாய். நான் முக்காலியில் உட்கார்ந்து பையில் போட்டுச் சீட்டு எழுதினேன். நீ உள்ளேயிருந்து கத்தியது இப்போதும் என் காதில் கேட்கிறது: "இதெல்லாம் சோத்தாங்கைப் பக்கம்! கலந்துடாதே!" நான் "வலது" என்று எழுதினேன்.

பேச்சு வழக்கைக் கண்டால் எழுத்து வழக்காக மாற்றுவது என் தொழில். கை தானாக மாற்றிவிட்டது. ஊரில் யார் சொல்லியிருந்தாலும் அது சரியாகத்தான் இருந்திருக்கும். நீ சொல்லும்போது மட்டும் அது தவறு. அதை அறிந்த உயிர்கள் நம் வீட்டில் மூன்றுதான். அம்மா போய்விட்டாள், நீ வண்டிக்கடியில் கிடந்தாய், மூன்றாவது ஆள் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

மற்றச் சாமான்கள் எல்லாம் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான், மாற்றி மாட்டினாலும் கேடில்லை. இது ஒன்றுதான் பக்கம் பார்க்கிற சாமான். இதை மாற்றி மாட்டினால் என்ன ஆகும் என்று படம் வரைந்து பார்த்தேன். நீ பின்னால் போய் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கம்பி நீள்வதற்குப் பதிலாகச் சுருங்கும். இடைவெளி மூடுவதற்குப் பதிலாகத் திறக்கும். முதலில் நீ கையால் சரியாக வைத்திருந்ததால் காலையில் பிடித்தது. மத்தியானம் முழுக்க நீ ரிவர்ஸில் இருந்தாய்.

நான் கூண்டில் சொன்னதும் உண்மை. நீ சொன்னதும் உண்மை. இதை எழுத எனக்கு இவ்வளவு நாளாயிற்று.

நேற்று வக்கீலைப் பார்த்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஒரு டிரம்மைத் திறந்து, சாமானைக் கழட்டி, மண்ணெண்ணெயில கழுவியும் வெச்சுட்டீங்களா? நல்ல காரியம் பண்ணீங்க மேடம். நீங்களே மாத்தி மாட்டிட்டு வந்து சொல்றீங்கன்னு ஒரு நிமிஷத்துல தூக்கி எறிஞ்சுடுவாங்க" என்றார். இன்னொன்று துருவேறித் திறக்காமல் இருப்பதைச் சொன்னேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதுல ஒரு விரல்கூட வைக்காதீங்க. உங்க தோள்வலிக்கு ஒரு கும்பிடு."

அதிகாரி ஒருவர் முன்னிலையில் அதைத் திறக்க வேண்டும். வண்டி உன் பெயரில் இருப்பதால் உன் சம்மதம் வேண்டும். காகிதம் இத்துடன் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 16

அக்கா,

வாசகர் இந்தத் தடவை கடிதத்தைக் கையில கொடுக்கல. முதல்ல உட்காருன்னார். அப்பறம் கொடுத்துட்டு ஜன்னல் பக்கம் போய் நின்னுக்கிட்டார்.

பதில் எழுத நாளாச்சு. கையெழுத்துப் போட மாட்டேன்னு ரெண்டு தடவை எழுதிக் கிழிச்சேன்.

இத்தனை நாள் ராத்திரி படுத்தா, வண்டி என்னைக் கைவிட்டுடுச்சுன்னு நினைச்சுக்குவேன். தூக்கம் வரும். பெரியம்மா துரோகம் பண்ணிட்டா, நான் என்ன செய்ய? இப்ப அப்படி நினைக்க முடியல. அதை மாட்டினது இந்தக் கைதான். மாட்டிட்டு, என்ன கச்சிதமா உட்கார்ந்துச்சு பாருன்னு உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன். நீ எட்டிப் பாத்துட்டு "அழகாத்தான் இருக்கு"ன்னே. நீ எதையும் அழகுன்னு சொல்லி நான் கேட்டதில்ல. அன்னிக்கு எனக்குத் தலகால் புரியல.

உன்னை ஒண்ணும் சொல்லல. நான் சொன்னது தப்பு, நீ எழுதினது தப்பு, சீட்டைப் பாத்து நான் மாட்டினது தப்பு, சின்ன வயசுல அம்மா என்னை நாலு சாத்துச் சாத்தித் திருத்தாம விட்டது தப்பு. இப்படியே போனா யாரைத்தான் உள்ள போடறது? பக்கத்துப் படுக்கைக்காரர்கிட்ட சொன்னேன். அவர் யோசிச்சுட்டு, "ஆக மொத்தம் ஒரு சொல்லு ஒரு ஆளைக் கொன்னுருச்சு"ன்னார். எனக்கு அவரை அடிக்கணும்போல இருந்துச்சு. சொல்லு ஒண்ணும் கொல்லல. வண்டி ஓட்டினது நான்.

அப்பீல் எனக்கு வேண்டாம். வெளிய வந்து அந்தத் தெருவுல எப்படி நடக்கறதுன்னு எனக்கே தெரியல. ஆனா டிரம்மைத் திற. ஒரே ஒரு கண்டிஷன். தையல்காரம்மா வீட்டுக்காரர் அங்க நிக்கணும். அவர் நிக்கலன்னா இந்தக் காகிதத்தைக் கிழிச்சுடு.

தீர்ப்பு அன்னிக்கு என்னை வெளிய கூட்டிட்டுப் போறப்ப, படிக்கட்டுல அவர் வழியில நின்னார். அடிப்பார்னு நினைச்சேன். திட்டக்கூட இல்ல. "ஒரு மிதி மிதிச்சிருக்கக் கூடாதாப்பா?"ன்னு மட்டும் கேட்டார். கடையில பாக்கியைக் கேக்கற மாதிரி, அவ்வளவு மெதுவா. நான் மிதிச்சேன்னு சொல்ல வாயைத் திறக்கறதுக்குள்ள வேன்ல ஏத்திட்டாங்க. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார். நீயே நம்பலயே.

அவரை நீதான் கூப்பிடணும். வக்கீலை அனுப்பாதே.

கையெழுத்துப் போட்டிருக்கேன்.


மே 8

தம்பிக்கு,

நாளை டிரம்மைத் திறக்கிறார்கள். அதிகாரி ஒருவரும் வக்கீலும் வருகிறார்கள். புகைப்படம் எடுப்பவரும் உண்டு.

நீ சொன்னபடி தையல்காரம்மா வீட்டுக்காரரிடம் நானேதான் போனேன். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போக வேண்டும் என்று நினைத்தேன். அப்படி ஒரு நேரம் வரட்டும் என்று காத்திருந்ததில் பல நாட்கள் போயின. இன்று மத்தியானம் போனேன். இரண்டு பேர் துணிக்காக நின்றிருந்தார்கள். அவர்கள் போகும்வரை ஓரமாக நின்றேன். அவர் நிமிர்ந்து பார்க்காமல், "துணி எடுக்க வந்தீங்களா?" என்றார்.

"இல்லைங்க."

"அப்ப?"

சொன்னேன். எனக்குக் கோவையாகப் பேச வராது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். அட்ஜஸ்டர், எதிர்ப்புரி, ரிவர்ஸ் என்று ஏதேதோ உளறினேன். அவர் ஒரு சட்டையின் காலரைத் தேய்த்து முடித்தார்.

"ஆக, உங்க தம்பிய வெளிய எடுக்கறதுக்கு நான் வந்து நிக்கணும்."

"அவன் அப்பீல் வேண்டாம்கறான். நான் வேணுங்கறேன். அதை உங்ககிட்ட மறைக்க மாட்டேன். ஆனா உங்களைக் கூப்பிடறது அதுக்காக இல்லை."

"வேற எதுக்கு?"

"படிக்கட்டுல அவன்கிட்ட ஒண்ணு கேட்டீங்களாமே."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். எதிரில் மூடிக் கிடந்த மெஷினைப் பார்த்தார்.

"திறந்தா என்ன இருக்கும்?"

"தெரியாதுங்க. நான் நினைச்ச மாதிரி இல்லாமலும் போகலாம்."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"ஆமாங்க."

"நாளைக்குக் கடை உண்டு" என்றார். அதோடு அடுத்த துணியை விரித்துவிட்டார்.

வருவார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் வராவிட்டால் காகிதத்தைக் கிழிக்கச் சொல்லியிருக்கிறாய். கிழிப்பேனா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். உன் பேச்சை மதிப்பதா, உன்னை வெளியே கொண்டுவருவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கடிதத்தை ஒட்டாமல் வைக்கிறேன்.


மே 9

அவர் வந்தார். எல்லாரும் வந்த பிறகு, அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிய பிறகு வந்தார். கொட்டகைக்குள் வரவில்லை. வாசல் தூணருகே நின்றார். காரின் முன்பக்கம் சுவரைப் பார்த்து இருந்தது நல்லதாயிற்று. அந்தப் பக்கத்தை அவர் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

டிரம்மைச் சூடாக்கித் தட்டினார்கள். நெடுநேரம் பிடித்தது. திறந்தபோது உள்ளேயிருந்து துருத்தூள் கொட்டியது. கம்பி முழுக்கச் சுருங்கி, மூடிக் கிடந்தது. அதிகாரி அதைக் கழற்றித் திருகிப் பார்த்தார். நேர்ப்புரி. நான் கழுவி வைத்திருந்ததையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு பெடலை அதன் பிணைப்பிலிருந்து கழற்றி, கையால் தரைவரை அழுத்தினார். விளிம்பு பிறைக்குள் போய் உட்கார்ந்தது. "பக்கம் மாறியிருக்கு" என்று புகைப்படக்காரரிடம் சொன்னார்.

வாசலிலிருந்து அவர் கேட்டார்: "அப்ப மிதிச்சாரா?"

அதிகாரிக்கு அவர் யாரென்று தெரியாது. துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "மிதிச்சிருக்கார். தகடு வரைக்கும் மிதிச்சிருக்கார். அவ்வளவு இடைவெளி இருந்தா பெடல் சும்மாதான் கீழ போகும், பிடிக்காது" என்றார். அதற்குப் பிறகு வக்கீல் பக்கம் திரும்பி, சாதாரணமாக, "காலை எடுத்து எடுத்து ரெண்டு மூணு தடவை மிதிச்சிருந்தா பிடிச்சிருக்கும். இவர் விடாம அழுத்திக்கிட்டே இருந்திருக்கார்" என்றார்.

இந்த வாக்கியத்தை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். அது அறிக்கையில் வரும். நீ அங்கே எவரோ படிக்கக் கேட்பதைவிட என்னிடமிருந்து கேட்பது மேல். உன் வாசகர் இதைப் படிக்கும்போது உன் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்று அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அதிகாரி சொன்னதைத் தூணருகே நின்றவரும் கேட்டார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியும் பார்க்கவில்லை.

வக்கீல் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். மிதிக்கவில்லை என்பது இனி நிற்காதாம். ஆனால் தவறாக மாட்டியது நீ என்பதால் அலட்சியம் என்பது நிற்குமாம். தண்டனை குறையலாம், குறையாமலும் போகலாம். சீட்டு எழுதியது நான் என்று என்னை மறுபடி கூண்டில் ஏற்ற வேண்டிவரும் என்றார். ஏறுகிறேன் என்றேன். மனுக் காகிதம் இத்துடன் இருக்கிறது. வேண்டாமென்றால் திருப்பி அனுப்பு. வேண்டுமென்றால் எந்தக் கையால் வேண்டுமானாலும் போடு. பார்வையாளர் பட்டியலையும் ஒருமுறை பார்.

அவர்கள் போன பிறகும் அவர் தூணருகே நின்றிருந்தார். நான் தார்ப்பாயை மடிக்கத் தொடங்கினேன்.

"உங்க கோட்டு ஒண்ணு கடையில கிடக்கு" என்றார். "சோத்தாங்கைப் பக்கம் அவ சுருக்கி வெச்சிருக்கா. இன்னொரு கை அப்படியே இருக்கு."

"அப்புறமா வந்து எடுத்துக்கறேங்க."

"இப்பவே வாங்க. கடையைத் திறக்கணும்."

அவர் முன்னால் நடந்தார். நான் பின்னால் நடந்தேன். அந்தத் தெருவழியாக, அந்த இடத்தைக் கடந்துதான் போனோம். கோட்டைத் தேய்த்து, மடித்து, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். நான் காசை எடுத்தபோது தலையை அசைத்தார், வேண்டாம் என்றா, போங்கள் என்றா என்று புரியவில்லை.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். வலது கை மணிக்கட்டில் நிற்கிறது. இடது கை விரல்களை மூடுகிறது.

அக்கா